கரும்பு லாரி வரிசைக்கு எந்த சிமுலேஷன் மென்பொருள்? டர்பனிலிருந்து ஓர் ஒப்பீடு

தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்கு அருகே டோங்காட் பக்கம் கரும்பு ஏற்றும் லாரிகள் வைத்து நடத்தும் சிறு நிறுவனம் ஒன்றில் தம்பி ஒருவர் வேலை பார்க்கிறார். எந்த லாரி எந்தத் தோட்டத்துக்குப் போக வேண்டும் என்று தினமும் அட்டவணை போடுவது அவர்தான். டர்பனில் பிறந்து வளர்ந்தவர், கோயில் வகுப்பில் தமிழ் கற்றவர். சென்ற மாதம் வாட்ஸ்அப்பில் அவரிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. "அண்ணா, லாரி எல்லாம் ஆலை வாசல்லயே ரொம்ப நேரம் நிக்குது. இன்னும் ரெண்டு லாரி வாங்கலாம்னு முதலாளி சொல்றார். எனக்கு அது சரியாப் படல. சிமுலேஷன் போட்டுப் பார்த்துட்டு சொல்றேன்னு சொல்லியிருக்கேன். எந்த சாஃப்ட்வேர் வாங்கட்டும்?"

சிமுலேஷன் என்றால் நிஜ வேலையைக் கணினியில் ஒரு மாதிரியாக, அதாவது மாடலாக, அமைத்து ஓட்டிப் பார்ப்பது. இந்தக் கேள்வி எனக்கு நெருக்கமானது. நான் நெல்லிக்குப்பம் பக்கத்துக்காரன். சர்க்கரை ஆலைக்கு வெளியே கரும்பு வண்டிகள் ராத்திரி முழுக்க நிற்பதைப் பார்த்தே வளர்ந்தேன். டர்பன் இருக்கும் இந்தக் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் வண்டி பெரிதாகிவிட்டது, நிற்பது மட்டும் மாறவில்லை. சென்னையிலிருந்து கிளம்பிய ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பனுக்கு வந்து 342 பேரை இறக்கியதும் இந்தக் கரும்புக்காகத்தான். காத்திருப்பதில் டீசலும் ஓட்டுநரின் நேரமும் மட்டும் வீணாவதில்லை. இங்கே பெரும்பாலான தோட்டங்களில் தீ வைத்து, தோகை எரிந்தபின் கையால் வெட்டுகிறார்கள். எரித்த கரும்பு நிற்க நிற்க அதிலுள்ள சர்க்கரை குறையும். விவசாயிக்குப் பணம் எடையைப் பார்த்து மட்டும் வருவதில்லை, அதிலிருந்து எடுக்கக்கூடிய சர்க்கரையையும் பார்த்துத்தான் வருகிறது. ஆகவே வரிசையில் கழியும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் யாரோ ஒருவர் பணம் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

தம்பிக்கு ஒரு வரியில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் டர்பனிலும் ஜோகன்னஸ்பர்க்கிலும் இதே கேள்வியை என்னிடம் கேட்ட தமிழ் நண்பர்கள் பலர். கிடங்கு வைத்திருப்பவர், மருத்துவமனையில் வேலை பார்ப்பவர், துறைமுகச் சரக்கு ஏஜெண்ட் என்று ஆளுக்கு ஒரு துறை. எல்லோருக்குமாகச் சேர்த்து எழுதுகிறேன்.

நான் எடுத்துக்கொண்டவை நான்கு: அரீனா, எனிலாஜிக், ஜாம்சிம், சிம்பை. முதல் இரண்டுக்கும் பணம் கட்ட வேண்டும், பின் இரண்டும் இலவசம். ஃப்ளெக்ஸ்சிம், சிமுல்8, சிமியோ, விட்னஸ், சீமென்ஸின் பிளாண்ட் சிமுலேஷன் எல்லாம் நல்லவைதான். உங்கள் நிறுவனத்தில் ஏற்கெனவே அவற்றில் ஒன்று இருந்தால் அதையே பிடித்துக்கொள்ளுங்கள், மாற்ற வேண்டிய அவசியமில்லை. புதிதாகத் தொடங்கும் ஒருவர் அல்லது இருவர் கொண்ட குழுவுக்குத்தான் இந்த நான்கும்.

அரீனா 1993இல் வந்தது, 2000இல் ராக்வெல் அதை வாங்கியது. தொழில் பொறியியல் படித்தவர்கள் கல்லூரியிலேயே தொட்டுப் பார்த்திருப்பார்கள். கட்டங்களை இழுத்துப் போட்டு, கோடு இணைத்து, ஓட்டிவிடலாம். விண்டோஸில் மட்டும்தான் ஓடும். எனிலாஜிக்கின் முதல் பதிப்பு 2000இல் வந்தது. வரிசை மாடல், தனித்தனியாக முடிவெடுக்கும் ஆட்களைக் கொண்ட ஏஜெண்ட் மாடல், காலப்போக்கில் அளவுகள் ஏறி இறங்கும் சிஸ்டம் டைனமிக்ஸ் மாடல் ஆகிய மூன்றையும் ஒரே இடத்தில் கலக்கலாம் என்பதே அதன் பெருமை. அடியில் ஓடுவது ஜாவா. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும். ஜாம்சிம்மை ஆசென்கோ என்ற பொறியியல் நிறுவனத்தில் சுரங்கமும் துறைமுகமும் கட்டுபவர்கள் தங்கள் தேவைக்காக உருவாக்கி, பிறகு எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டார்கள். வணிக வேலைக்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம். முப்பரிமாணப் படமும் வரும். சிம்பை 2002 முதல் இருக்கும் பைத்தான் நூலகம், அதாவது பைத்தான் என்ற நிரல்மொழியில் எழுதுபவர்கள் எடுத்துப் பயன்படுத்தும் தயார் நிரல்களின் தொகுப்பு. அதில் படம் கிடையாது, கட்டம் கிடையாது, எல்லாமே எழுத்துதான்.

சரி, எப்படி ஒப்பிடுவது? விற்பனைக்கு வருபவர்கள் வண்ண வண்ணமாக ஓடும் லாரிப் படங்களைக் காட்டுவார்கள். அதைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். உங்கள் தொழிலிலிருந்தே ஒரு சின்னக் கணக்கை எடுத்து, நான்கிலும் அதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். நான் மூன்று கேள்விகள் வைத்தேன்.

முதல் கேள்விக்கு விடை பேனாவும் காகிதமும் வைத்தே தெரியும், அதனால்தான் அதிலிருந்து தொடங்குகிறேன். ஒரே ஒரு எடைமேடை. சராசரியாக 6 நிமிடத்துக்கு ஒரு லாரி வருகிறது, அதாவது மணிக்கு 10. எடை போட சராசரியாக 5 நிமிடம், அதாவது மணிக்கு 12 லாரி முடியும். வரும் இடைவெளியும் எடை போடும் நேரமும் அடுக்குக்குறிப் பரவலில் (பெரும்பாலும் சராசரியைவிடக் குறைவு, எப்போதாவது மிக நீளம் என்ற முறையில்) ஏறி இறங்குகின்றன என்று வைத்துக்கொள்வோம். வரிசைக் கோட்பாட்டுப்படி ஒரு லாரி எடைமேடையில் ஏறுவதற்கு முன் காத்திருக்கும் சராசரி நேரம் சரியாக 25 நிமிடம். வரிசையிலும் மேடையிலும் சேர்த்து சராசரியாக 5 லாரிகள். மென்பொருள் 25 காட்டவில்லை என்றால் நீங்கள் எங்கோ தவறு செய்திருக்கிறீர்கள்.

இந்த ஒரு கணக்கிலேயே தம்பியின் முதலாளிக்குப் பாதி பதில் இருக்கிறது. மணிக்கு 10 வந்த இடத்தில் 11 லாரி வந்தால் என்ன ஆகும்? காத்திருப்பு 25 நிமிடத்திலிருந்து 55 நிமிடமாகத் தாவும். ஒரே ஒரு லாரிதான் கூடுதல், காத்திருப்போ இரண்டு மடங்குக்கும் மேல். மாறாக லாரி எண்ணிக்கையைத் தொடாமல், எடை போடும் நேரத்தை ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ அதே 5 நிமிடமாக ஒழுங்குபடுத்த முடிந்தால், காத்திருப்பு பாதியாக, 12.5 நிமிடமாகக் குறையும். நெரிசல் வாசலில் இருக்கும்போது லாரி வாங்குவது வரிசையை நீளமாக்குவதற்குக் காசு கொடுப்பது போலத்தான்.

முதல் கேள்வியில் நான்கும் தேறின. ஆனால் இங்கே எல்லோரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. காலியான வாசலிலிருந்து தொடங்கி ஒரே ஒரு நாள் மட்டும் ஓட்டுவார்கள், 16 நிமிடம் என்று வரும், மென்பொருள் சரியில்லை என்பார்கள். தொடக்கத்தில் வரிசை காலியாக இருப்பதால் சராசரி கீழே இழுக்கப்படுகிறது. பருவம் முழுக்க இரவு பகலாக ஓடும் ஆலைக்கு, வரிசை ஒரு நிலைக்கு வரும் வரையான நேரத்தைக் கணக்கிலிருந்து விட்டுவிட வேண்டும். அரீனாவில் இதற்கு ஒரு பெட்டியில் எண் போட்டால் போதும், ஜாம்சிம்மிலும் அப்படியே. சிம்பையில் அந்த நேரம் வரைக்குமான பதிவுகளை நீங்களே தூக்கி எறிய வேண்டும்.

சிம்பையில் இன்னொரு பொறி. அதில் நேரம் கழிய வேண்டிய ஒவ்வொரு வரிக்கு முன்னும் 'யீல்ட்' என்ற சொல் இருக்க வேண்டும். ஒரு முறை எடை போடும் வரியில் அதை விட்டுவிட்டேன். பிழை என்று எதுவும் வரவில்லை, மாடல் ஓடி முடிந்தது, எடை போட ஒரு நொடிகூட ஆகாத மேடை கிடைத்தது. மற்ற வரிகளில் அந்தச் சொல் இருந்ததால் பைத்தானுக்குச் சந்தேகம் வரவில்லை. 25 நிமிடம் வர வேண்டும் என்று முன்பே தெரிந்திருந்ததால்தான் அன்றைக்கே பிடிபட்டது. இப்போது பலர் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு சிம்பை நிரல் எழுதி வாங்குகிறார்கள். நானும் செய்கிறேன், வேகமாக வரும். ஆனால் எழுதிக் கொடுத்தது யாராக இருந்தாலும் இந்த 25 நிமிடப் பரீட்சையை எழுத வைக்காமல் நான் மேலே போவதில்லை.

இரண்டாவது கேள்வியில்தான் வித்தியாசம் தெரிய ஆரம்பித்தது. ஆலை 24 மணி நேரமும் அரைக்கும், ஆனால் வெட்டுவதும் ஏற்றுவதும் பெரும்பாலும் பகலில். ஆகவே லாரிகள் சீராக வருவதில்லை. விடிகாலை 5 முதல் 6 மணி வரை ஒன்றோ இரண்டோ, 6 மணிக்குப் பிறகு கூட்டம் கூட்டமாக என்று வைத்துக்கொள்ளுங்கள். இதை மாடலில் எப்படிச் சொல்வது?

அனுபவம் இல்லாதவர்கள் "இப்போது எந்த மணி என்று பார், அந்த மணிக்கான சராசரி இடைவெளியிலிருந்து அடுத்த லாரி எப்போது என்று எடு" என்று எழுதுவார்கள். பார்க்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் 5:10க்கு ஒரு லாரி வந்தபோது சராசரி இடைவெளி 60 நிமிடம். அதிலிருந்து எடுத்த எண் 110 நிமிடம் என்று விழுந்தால் அடுத்த லாரி 7:00 மணிக்குத்தான் வரும். 6 முதல் 7 வரையான முழு நெரிசலும் மாடலில் காணாமல் போய்விடும். பத்து நாள் ஓட்டினால் சில நாளில் மட்டும் இப்படி ஆகும் என்பதால் கண்ணில் படுவதும் கடினம். கடைசியில் வரிசை நிஜத்தைவிடச் சின்னதாகத் தெரியும்.

அரீனாவில் மணிவாரியாக எத்தனை லாரி என்று அட்டவணை கொடுத்தால் அது இதைச் சரியாகப் பார்த்துக்கொள்கிறது. எனிலாஜிக்கிலும் வருகை வேகத்துக்கு அட்டவணை கொடுக்கலாம். ஜாம்சிம்மில் இதற்கென்றே நேரத்துக்கு ஏற்ப மாறும் ஒரு பரவல் (எண்கள் எப்படி ஏறி இறங்கும் என்ற விதி) இருக்கிறது, எதிர்பார்க்கும் வருகைகளின் தொடரை அதனிடம் கொடுத்தால் போதும். சிம்பையில் எதுவும் தயாராக இல்லை, கையால் எழுத வேண்டும். வழி எளிதுதான்: நாளின் உச்ச வேகத்திலேயே லாரிகளை உருவாக்குங்கள், அந்தந்த நேரத்து வேகத்துக்கு ஏற்ற விகிதத்தில் மட்டும் உள்ளே விடுங்கள், மற்றவற்றைக் கழித்துவிடுங்கள். உச்சம் மணிக்கு 12, இப்போதைய வேகம் 3 என்றால் நான்கில் ஒன்றுக்குத்தான் அனுமதி. பத்து வரிக்குள் முடிந்துவிடும். ஆனால் இப்படிச் செய்ய வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டுமே. தெரியாதவர் கையில் சிம்பை ஆபத்தானது என்று நான் சொல்வது இதனால்தான்.

மூன்றாவது கேள்வி நம் ஊருக்கே உரியது: வேலை நடந்துகொண்டிருக்கும்போது மின்சாரம் போனால்? கரும்பாலைகள் சக்கையை எரித்துத் தங்களுக்கு வேண்டிய மின்சாரத்தைத் தாங்களே எடுத்துக்கொள்கின்றன. லாரி நிறுவனத்தின் டிப்போவுக்கு அந்த வசதி இல்லை. டீசல் பம்ப், காற்று அழுத்தி, பழுது பார்க்கும் இடம் எல்லாம் லோட் ஷெட்டிங் என்ற சுழற்சி மின்வெட்டு வந்தால் நின்றுவிடும். 2024 மார்ச் கடைசியிலிருந்து பத்து மாதம் கரண்ட் போகாமல் இருந்தது, நாமும் மூச்சு விட்டோம். 2025 ஜனவரி 31 அன்று மின்வெட்டு மறுபடி வந்தது. மாடலில் அதற்கு இடம் வைக்காமல் இருக்க முடியாது.

அரீனாவில் ஒரு வசதி, அதாவது பம்போ ஆளோ, எப்போது இல்லாமல் போகும் என்று அட்டவணை கொடுக்கும்போது மூன்று விதிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 'வெயிட்' என்றால் கையிலிருக்கும் வேலை முடிந்தபின் இடைவேளை தொடங்கும், இடைவேளையின் முழு நீளமும் அப்படியே நகரும். 'இக்னோர்' என்றால் வேலை முடியும் வரை தொடரும், ஆனால் இடைவேளை குறித்த நேரத்தில் முடிந்துவிடும், அதாவது இடைவேளை சுருங்கும். 'ப்ரீஎம்ப்ட்' என்றால் வேலை பாதியிலேயே நிற்கும். மதிய உணவுக்குப் போகும் ஆளுக்கு 'வெயிட்' சரி. கையில் உள்ளதை முடித்துவிட்டுத்தான் அவர் எழுந்து போவார், முழு நேரம் சாப்பிட்டுவிட்டுத்தான் வருவார். மின்வெட்டுக்கு 'ப்ரீஎம்ப்ட்' மட்டுமே பொருந்தும். மின்வெட்டு யாருக்காகவும் காத்திருக்காது. 8 நிமிடம் டீசல் அடிக்கும் பம்புக்குத் தவறான விதி போட்டாலும் பெரிய வித்தியாசம் வராது. லாரியின் பிரேக்கைப் பழுது பார்க்கும் 3 மணி நேர வேலைக்கு வந்துவிடும். எந்த விதி எங்கே முக்கியம் என்று பார்க்க, வேலையின் நீளத்தையும் வெட்டின் நீளத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வேலை நீளமாக இருந்தால் விதியை இருமுறை சரிபாருங்கள்.

ஜாம்சிம்மிலும் இதே பிரிவினை உண்டு: உடனே நிறுத்துவது, கையிலுள்ளது முடிந்ததும் நிறுத்துவது, வேலையே இல்லாத நேரமாகப் பார்த்து நிறுத்துவது. எனக்கு இது அரீனாவைவிடத் தெளிவாகவே பட்டது, ஏனென்றால் பழுதுக்கும் முன்கூட்டியே திட்டமிட்ட பராமரிப்புக்கும் தனித்தனி இடம் இருக்கிறது. சிம்பையில் வேலை குறுக்கிடப்பட்டால் எவ்வளவு நேரம் மிச்சம் என்று நீங்களே கணக்கு வைத்து, கரண்ட் வந்ததும் மிச்ச நேரத்தைத் தொடர வைக்க வேண்டும். புரிந்து எழுதினால் எப்படி வேண்டுமானாலும் வளைக்கலாம் என்பது உண்மை. கரண்ட் வந்ததும் பிரேக் வேலையை முதலிலிருந்து தொடங்க வேண்டுமா, விட்ட இடத்திலிருந்தா என்பதுகூட உங்கள் கையில். எனிலாஜிக்கில் செய்ய முடியாதது எதுவுமில்லை, ஆனால் கொஞ்சம் வித்தியாசமாக எதையாவது கேட்டதும் ஜாவா வரி எழுத வேண்டியிருக்கும். குழுவில் ஜாவா தெரிந்தவர் இல்லையென்றால் அங்கேயே தேங்கிவிடுவீர்கள்.

அப்புறம் பணம். விலைப்பட்டியல்களை இங்கே எழுதவில்லை, அவை ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் அவை டாலரிலோ யூரோவிலோ பவுண்டிலோ இருக்கும், நமக்கு வருமானம் ராண்டில். 2010இல் ஒரு டாலர் ஏறத்தாழ 7 ராண்ட், 2023இல் 18ஐத் தாண்டிவிட்டது. வெளிநாட்டு விலை ஒரு சென்ட் ஏறாமலிருந்தாலும் நமக்கு இரண்டு மடங்குக்கு மேல். வருடா வருடம் சந்தா கட்டும் உரிமமாக இருந்தால் இந்த இடி ஒவ்வொரு வருடமும் விழும். கையெழுத்துப் போடுவதற்கு முன் விற்பவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: சந்தா கட்டுவதை நிறுத்தினால் என் பழைய மாடலைத் திறந்து பார்க்கவாவது முடியுமா? பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

நிறுவனங்கள் கைமாறுவதும் இப்போது அதிகம். 2023இல் மட்டும் ஃப்ளெக்ஸ்சிம்மை ஆட்டோடெஸ்க்கும் சிமுல்8ஐ மினிடாப்பும் வாங்கின. கைமாறினால் கெட்டுப்போகும் என்று நான் சொல்லவில்லை, அரீனா கைமாறி கால் நூற்றாண்டாக நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனால் உரிம முறை மாறலாம், உதவிக்கு அழைக்கும் ஆள் மாறலாம். மூன்று வருடத் திட்டத்துக்கு மென்பொருள் வாங்குகிறீர்கள் என்றால் இதையும் எண்ணிப் பாருங்கள்.

உரிமம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதும் இந்த ஊரில் தனியாகக் கேட்க வேண்டிய விஷயம். முன்பு நான் வேலை செய்த இடத்தில் உரிமம் அலுவலகச் சர்வரில் இருந்தது, நான்கு பேர் பகிர்ந்துகொள்வோம். ஒரு நாள் எம்பங்கேனியில் வாடிக்கையாளர் முன்னால் மடிக்கணினியைத் திறந்தேன். டர்பன் அலுவலகத்தில் அப்போது மின்வெட்டு, பேட்டரியும் தீர்ந்துவிட்டது, சர்வர் படுத்துவிட்டது, மென்பொருள் திறக்கவில்லை. இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டிப் போனது வெறும் காகிதப் படத்தைக் காட்டத்தான் ஆயிற்று. அன்றிலிருந்து, வெளியூர் போகிறவர் கணினியில் உரிமம் தனியாக இருக்க வேண்டும், அல்லது முன்கூட்டியே அதைக் கடனாக எடுத்துக்கொண்டு போக வழி இருக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். ஜாம்சிம்முக்கும் சிம்பைக்கும் இந்தக் கவலையே இல்லை.

எனிலாஜிக்கின் இலவசப் பதிப்பைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அது சொந்தமாகக் கற்றுக்கொள்வதற்கு மட்டும். மாடலின் அளவுக்கும் வரம்பு உண்டு. அரீனாவின் மாணவர் பதிப்பிலும் ஒரே நேரத்தில் மாடலுக்குள் லாரி போன்ற 150 உருப்படிகளுக்கு மேல் இருக்க முடியாது. காசு வாங்கிச் செய்யும் வேலைக்கு இவற்றைப் பயன்படுத்தாதீர்கள். அது உரிமத்தை மீறுவது, வாடிக்கையாளருக்குத் தெரிந்தால் உங்கள் பேரும் போய்விடும்.

இவ்வளவும் சொன்னபின் யாருக்கு எது?

தம்பிக்கு நான் சொன்னது ஜாம்சிம். காசில்லை என்பது அதற்கு முதல் காரணமல்ல. அவருடைய மாடல் ஒரு சாதாரண எழுத்துக் கோப்பாகச் சேமிக்கப்படுகிறது. எந்த எடிட்டரிலும் திறக்கலாம், போன வாரப் பதிப்புக்கும் இந்த வாரப் பதிப்புக்கும் எந்த வரி மாறியது என்று பார்க்கலாம். அவர் வேலை மாறிப் போனாலும் அடுத்து வருபவர் அந்தக் கோப்பைப் படித்தே மாடலைப் புரிந்துகொள்ளலாம். மூன்றாவது பருவத்தில் இந்த மாடலை யார் திறப்பார் என்ற கேள்விதான் எனக்குப் பெரிது. இன்னொன்று, ஜாம்சிம் அலகுகளைக் கண்டிப்பாகப் பார்க்கும். நேரம் கேட்கும் இடத்தில் 5 நிமிடம் என்று அலகோடு எழுத வேண்டும், தூரத்தை எழுதினால் ஏற்காது. நிமிடத்தையும் மணியையும் குழப்பிக்கொண்டு நாள்கணக்கில் தேடியவர்களுக்கு இதன் அருமை தெரியும். குறையும் உண்டு: பயன்படுத்துபவர்கள் குறைவு, தமிழில் மட்டுமல்ல, ஆங்கிலத்திலும் பாடங்கள் குறைவு. உதவிக் கையேட்டைப் பொறுமையாகப் படிக்க வேண்டும்.

குழுவில் பைத்தான் நன்றாகத் தெரிந்தவர் இருந்தால், அதிலும் ஜி.பி.எஸ். தரவு, எக்செல் கணக்கு எல்லாம் ஏற்கெனவே பைத்தானில் ஓடுகிறது என்றால், தயங்காமல் சிம்பை. நூறு விதமான அட்டவணையை இரவோடு இரவாக ஓட்டிப் பார்க்க அதைப் போல வசதி வேறில்லை. ஆனால் முதலாளிக்குப் படம் காட்டித்தான் நம்ப வைக்க முடியும் என்ற இடத்தில் சிரமப்படுவீர்கள்.

அரீனாவை எப்போது வாங்கலாம்? வாடிக்கையாளரே அதில்தான் வேண்டும் என்று கேட்கும்போது. அல்லது பல்கலைக்கழகத்தில் அதையே கற்று வந்த இளைஞர்களை வேலைக்கு எடுக்கப்போகிறீர்கள் என்றால். புள்ளிவிவர விஷயத்தில் அது கைபிடித்து அழைத்துப் போகும், முடிவு எண்ணுக்குப் பக்கத்திலேயே அது எவ்வளவு கூடக் குறைய இருக்கலாம் என்றும் போட்டுத் தரும். தரவு போதவில்லை என்றால் போதவில்லை என்று நேராகச் சொல்லிவிடும். அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும்.

எனிலாஜிக்குக்குப் பணம் கட்டுவது நியாயம் என்று எனக்குப் படும் வேலை வேறு வகை. ஈஸ்டர் வாரத்தில் இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலை நினைத்துப் பாருங்கள். பெரிய வெள்ளியன்று பல்லாயிரம் பேர் வருகிறார்கள். பாட்டியின் கையைப் பிடித்து மெதுவாக நடக்கும் குடும்பம் ஒரு பக்கம், கூட்டத்தைப் பார்த்து வேறு பக்கமாகத் திரும்பும் இளைஞர்கள் ஒரு பக்கம், நேர்ந்துகொண்டதைச் செலுத்தாமல் நகர மாட்டேன் என்று நிற்கும் அம்மா ஒரு பக்கம். இங்கே ஒவ்வொருவரும் பார்த்து, யோசித்து, வழி மாற்றுகிறார்கள். கட்டமும் கோடும் வைத்து இதைச் சொல்ல முடியாது. எனிலாஜிக்கில் பாதசாரிகளுக்கென்றே தனி நூலகம் இருக்கிறது, எந்த வாசலைத் திறந்தால் எங்கே நெரியும் என்று கண்ணால் பார்க்கலாம். உயிர் சம்பந்தப்பட்ட விஷயத்தில் அந்தச் செலவைக் கணக்குப் பார்க்கக் கூடாது. எடைமேடை வரிசைக்கு மட்டும் அதை வாங்குவது தேவையற்ற செலவு.

எந்த மென்பொருளாக இருந்தாலும் தரவைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நான் பார்த்த மாடல்களில் பாதிக்கு மேல் இங்கேதான் தடுமாறின. எடைமேடைச் சீட்டில் ஒரு நேரம் அச்சாகியிருக்கும். எல்லோரும் அதை லாரி வந்த நேரம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது லாரி மேடையில் ஏறிய நேரம். வந்து வரிசையின் வாலில் நின்றது அதற்கு ஒரு மணி நேரம் முன்பாக இருக்கலாம். சீட்டு நேரத்தை வருகையாகப் போட்டால் மாடலுக்கு லாரிகள் ஏற்கெனவே வரிசைப்பட்டு, ஒழுங்காக, ஒன்றன்பின் ஒன்றாக வருவது போலத் தெரியும், வரிசையே இருக்காது. லாரியில் ஜி.பி.எஸ். இருந்தால் அது ஆலைச் சாலையில் முதலில் நின்ற நேரத்தை எடுங்கள். இல்லையென்றால் ஒரு வாரம் ஆள் வைத்து வாலில் நின்று எழுதுங்கள். இன்னொன்று, ஓட்டுநர்கள் ஒருவருக்கொருவர் போனில் பேசிக்கொள்கிறார்கள். "நீளமா இருக்கு, மெதுவா வா" என்று தகவல் போகும். ஆகவே வருகைகள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை அல்ல. இதை மாடலில் போட வேண்டுமா என்பது கேள்வியைப் பொறுத்தது. தம்பியின் கேள்விக்கு முதல் பதிப்பில் வேண்டாம் என்றேன்.

இரண்டு திட்டங்களை ஒப்பிடும்போது இரண்டுக்கும் ஒரே மழை, ஒரே பழுது, ஒரே நெரிசல் கிடைக்க வேண்டும். கூடுதல் லாரித் திட்டத்துக்கு நல்ல நாளும், வாசல் நேரத்தை மாற்றும் திட்டத்துக்குக் கெட்ட நாளும் விழுந்தால் ஒப்பீடு எங்கே? இதற்காகவே வருகைக்கு ஒன்று, எடைக்கு ஒன்று, பழுதுக்கு ஒன்று என்று தனித்தனி எண் ஓடைகள், அதாவது மென்பொருள் குலுக்கி எடுக்கும் எண்களின் தனித்தனி வரிசைகள், வையுங்கள். ஜாம்சிம்மில் ஒவ்வொரு பரவலுக்கும் தனி விதை எண் (ஓடை தொடங்கும் எண்) கொடுக்கலாம். அரீனாவில் பரவலின் கடைசியில் ஓடை எண்ணைச் சேர்க்கலாம். பைத்தானில் எல்லாவற்றுக்கும் ஒரே பொதுவான ஓடையைப் பயன்படுத்தினால், ஒரு லாரியைக் கூட்டியதும் அதற்குப் பிறகு வரும் மழைகூட மாறிவிடும். தனித்தனி ஓடைப் பொருள்களை உருவாக்கிக்கொள்ளுங்கள். பிறகு ஒரு முறை ஓட்டி முடிவு சொல்லாதீர்கள். குறைந்தது இருபது முப்பது முறை ஓட்டி, இரண்டு திட்டத்துக்கும் இடையிலான வித்தியாசம் எவ்வளவு ஆடுகிறது என்று பாருங்கள்.

மேலும் படிக்க விரும்புபவர்களுக்கு, 1967 முதல் நடக்கும் விண்டர் சிமுலேஷன் மாநாட்டின் கட்டுரைகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. தொடக்கநிலைப் பயிற்சிக் கட்டுரைகள் தனியாக இருக்கும், அவற்றிலிருந்து ஆரம்பியுங்கள்.

தம்பி ஜாம்சிம்மை இறக்கி, அன்று மாலையே 25 நிமிடக் கணக்கைப் போட்டார். முதலில் 16 வந்தது. "தப்பா வருதே அண்ணா" என்று செய்தி அனுப்பினார். ஒரே ஒரு நாளைத்தான் ஓட்டியிருந்தார். பத்தாயிரம் மணி நேரம் ஓட்டச் சொன்னேன், 25.1 வந்தது. அதே கணக்கில் மணிக்கு 11 லாரி போட்டு, அந்தத் திரையை முதலாளியிடம் காட்டியிருக்கிறார். லாரி வாங்கும் பேச்சு இப்போதைக்கு நின்றிருக்கிறது, நிஜ எண்களைக் கொண்டு வா என்று சொல்லிவிட்டாராம். ஏப்ரலில் ஆலை திறக்கும். முதல் வாரம் காலை 5 மணிக்கே வரிசையின் வாலில் நின்று எழுத இரண்டு பேர் வேண்டும் என்கிறார். ஒரு ஆளாக நானும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.